கடலுக்குள் நின்று கொடுத்த மனு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அரசு ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. எங்கள் மீன் இறங்குதளத்தின் மூன்று உடைந்த படிகள் பற்றிய மனுவைத் தீரப் பரிசீலித்து, "மனுதாரர் திருப்தி" என்று முடித்துவைத்தது. மனுதாரரான பாண்டியம்மாள் அக்காவிடம் பட்டன் போன்தான் என்பதால், குறுஞ்செய்தி என் எண்ணுக்கு வந்தது. படித்துக் காட்டலாமென்று கூப்பிட்டேன். மகள் எடுத்தாள். அக்கா விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்டதாகச் சொன்னாள். திருப்தியடைந்தது யார் என்பதை அந்தத் துறைதான் விளக்க வேண்டும்.

கோட்டைப்பட்டினம் சந்தையில் அவரிடம் மீன் வாங்கிய உங்களுக்கு அவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பது தெரியும். அந்தப் படிகளில் கூடையோடு வழுக்கி விழுந்ததில் வந்தது அது. கட்டுப் பிரித்த மறுநாளே மனு எழுதச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். நான் "மிகவும் தாழ்மையுடன்" என்று தொடங்கினேன்.

"அத அடிச்சிருங்க சார். படி ஒடஞ்சதுக்கு நான் எதுக்குத் தாழணும்? ஒடஞ்சிருக்கு, கட்டுங்கன்னு எழுதுங்க."

இணையதளம் இடத்தின் புகைப்படத்தைக் கேட்டது. படியிலேயே நின்று எடுத்து அனுப்பினோம். பதில் வந்தது: "குறிப்பிட்ட இடம் கடல். எந்த ஊராட்சிக்கும் உட்பட்டதல்ல." அவர்களுடைய வரைபடத்தில் நிலம் எங்களுக்குச் சற்று முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

"அப்ப நாங்கள்லாம் மீனா சார்? மறுபடி போடுங்க."

ஏழு முறை போட்டோம். ஏழு முறையும் கடல்தான். எட்டாவது முறை ஓர் அலுவலர் ஜீப்பில் நேரிலேயே வந்தார்.

"மேப்புல இது கடல்னுதாம்மா காட்டுது."

"இங்கிட்டு எறங்கி வாங்க. நீங்களே ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க."

இறங்கி நின்று எடுத்தார். அலுவலர் தமது எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்லி அவருடைய செயலி படத்தை ஏற்க மறுத்துவிட்டது.

"டூட்டி நேரத்துல கடலுக்குள்ள என்ன சார் பண்றீங்க?" என்றார் அக்கா. கரையே சிரித்தது. அலுவலரும் சிரித்தார், ஆனால் காலால் தடவிப் பார்த்துத்தான் மேலே ஏறினார்.

பிறகு அந்தத் துறையிலிருந்து தொலைபேசியில் ஒரு பெண் அவரை அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார். "திருப்தின்னு ஒரு வார்த்த சொல்லிருங்கம்மா, பைல் முடிஞ்சிரும்."

"மொதல்ல படி முடியட்டும் தாயி. பைலுக்கு என்ன அவசரம்?"

உயிரோடிருந்தவரை அந்த ஒரு வார்த்தையை யாராலும் அவரிடமிருந்து வாங்க முடியவில்லை. முப்பது வருடம் பள்ளியில் குடிமையியல் நடத்தியவன் நான். கேட்பது உரிமை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்ல மறுப்பதும் உரிமைதான் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அதைத்தான்.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் கரைப் பெண்கள் என் வீட்டு வாசலில் நின்றார்கள். "அவுக மனுவ முடிச்சுட்டாங்களாமே? எங்களுக்கு ஆளுக்கொண்ணு எழுதுங்க சார்." நாற்பத்திரண்டு எழுதினேன். திங்கட்கிழமை எல்லோரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டை குறைதீர் கூட்டத்துக்குப் போய், வரிசையில் நின்று, தனித்தனியாகக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை இரண்டு பேர் டேப்போடு வந்து மூன்று படிகளையும் அளந்துகொண்டு போனார்கள்.