கொஞ்சக் கூடாத சொத்து

பென்சில் முனையால் நாயின் நெற்றி முடியை விலக்கி, கண் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார் அரக்கு அண்ணன். இருக்கின்றன. அடுத்தது வால். அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். நாயின் முடி இப்போது தரையைக் கூட்டுகிறது. "எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு மேடம்" என்கிறார். நானும் நாயும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்க்கிறோம். எங்கள் இருவரையும் அவர் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.

நாயும் அது நிற்கும் பளிங்குக் கூடமும் ஒரு வெளிநாட்டுக் கோடீஸ்வரருடையவை. அவர் ஊரார் பணத்தைச் சுருட்டி, யார் யார் பெயரிலோ கம்பெனி நடத்தி அதை வெள்ளையாக்கி, இந்த வீட்டை வாங்கிப் போட்டிருந்தார். அரசாங்கம் மோப்பம் பிடித்து வருவதற்குள் ஆள் பறந்துவிட்டார். வீட்டால் பறக்க முடியவில்லை. நாயைக் கூட்டிப்போக அவருக்கு நேரமில்லை. எங்கள் அலுவலகம் அத்தனையையும் முடக்கியது. முடக்கம் என்றால், வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, மாற்றக் கூடாது, அனுபவிக்கக் கூடாது. எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று வாராவாரம் போய்ப் பார்ப்பது என் வேலை. "ஆபீஸ்ல என்னம்மா வேலை?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நாய்க்கு வால் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "நிதித் துறைப்பா" என்றேன்.

அரக்கு அண்ணன் எங்கள் அலுவலகத்தின் ஒப்பந்த ஊழியர். பூட்டிய கதவுகளில் அரக்கு முத்திரை வைத்துப் பழகியதால் அந்தப் பெயர். மூன்று 'கூடாது'களையும் அவர் அளவுக்கு நம்பியவர்கள் எங்கள் பிரிவில் வேறு யாருமில்லை. வீடு நிறைய சோபா கிடக்க, வாசற்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். சுவரில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஏசி ஓட வேண்டும் என்று உத்தரவு. ஏசி ஓடும் அறைக்குள் போகும்போதெல்லாம் ஸ்வெட்டர் மாட்டிக்கொள்வார், குளிர்ச்சியை அனுபவித்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாதாம். நாய்க்கு முடி வெட்டினால் சொத்தின் உருவத்தை மாற்றியதாகிவிடும் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ரப்பர் பேண்டால் குடுமி போட்டுவிடுவார். வேளாவேளைக்குச் சோறு வைப்பார். நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் குளிப்பாட்டுவார். தடவிக்கொடுக்க மட்டும் மாட்டார். நாய் தலையை நீட்டினால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

"சோறு வெக்கிறது பராமரிப்பு மேடம். கொஞ்சுறது அனுபோகம்."

மத்தியானம் டிபன் பாக்ஸோடு வரும் அவர் மனைவிக்கு இது தாங்காது. "அவனவன் இந்த மாதிரி வீட்டுக்குக் காவல் போனா ரெண்டு தலைமுறைக்குச் சேர்த்துடறான். இவரு இந்த வீட்டுக் கொசுவக்கூட அடிக்க மாட்டேங்கறாரு, கேளும்மா!"

"வீட்டுக்குள்ள இருந்த கொசுடி அது" என்றார் அண்ணன், சிரிக்காமல்.

இந்த நிலையில்தான் புது உத்தரவு வந்தது. முடக்கிய சொத்தைத் தொடக் கூடாது, ஆனால் அதிலிருந்து வரும் ஆதாயத்தை மக்கள் நலனுக்குச் செலவிடலாம். எங்கள் பிரிவிடம் இருந்தது ஒரு பூட்டிய வீடும் ஒரு நாயும். இதில் ஆதாயத்துக்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் முடிக்குள் கைவிட்டுப் பார்த்து, மேடம் கர்ப்பம் என்றார்.

அலுவலகமே கொண்டாடியது. அந்தச் சாதிக் குட்டி ஒன்றின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். துணை இயக்குநர், "முதல் ஆதாயம் விரைவில்" என்று மேலிடத்துக்கு எழுதியே போட்டுவிட்டார். குட்டி விற்ற காசில் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸா, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையா என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டை நடந்தது. அந்த வீட்டில் இருப்பது ஒரே நாய், அது அடைபட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான். நான் ஆம்புலன்ஸ் கட்சி.

மூன்று குட்டிகள் பிறந்தன. மடங்கிய காது, முதுகில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. தெருமுனைக் கடை வாசலில் படுத்திருக்கும் நாயை அப்படியே உரித்து வைத்திருந்தன.

மறுநாள் துணை இயக்குநர் ஒரு மதிப்பீட்டாளரோடு விசாரணைக்கு வந்தார். வாசலில் அண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை போயிடுமாம்மா? எனக்கு வாய்தான் நீளம். வீட்டுல உலை கொதிக்கிறது அவரு சம்பளத்துலதான்."

உள்ளே துணை இயக்குநர் ஆரம்பித்தார். "வயித்துல குட்டின்னு தெரிஞ்சதும், எப்படி வந்துச்சுன்னு யோசிக்க மாட்டியா?"

"யோசிச்சேன் சார். நாம முடக்கும்போதே உள்ள இருந்திருக்கும். முடக்கினதால அப்படியே நின்னிருக்கும். புது உத்தரவு வந்ததும் மறுபடி வளர ஆரம்பிச்சிருக்கும்னு நெனச்சேன்."

நான் சட்டென்று கூரையைப் பார்த்தேன். துணை இயக்குநர் சிரிக்கவில்லை. அப்படியும் இருக்குமோ என்று சற்று நேரம் பரிசீலித்தார்.

"தெருநாய் எந்த வழியா வந்துச்சு?"

"பின்சுவர் ஓட்டை வழியா சார்."

"அதை அடைச்சிருக்க வேண்டியதுதானே? சொத்து மதிப்பு ஏன் கெட்டுச்சுன்னு மேலிடம் கேட்டா உன் வேலைதான்யா போகும்!"

அண்ணன் ஓரடி முன்னால் வந்தார். "அடைக்கவான்னு கேட்டேன் சார். ஓட்டையும் சொத்துல சேர்ந்ததுதான், கை வைக்காதேன்னு நீங்கதான் சொன்னீங்க."

துணை இயக்குநருக்கு இருமல் வந்தது. அது நிற்கும்வரை காத்திருந்த மதிப்பீட்டாளர், "தாய்க்கு ஒண்ணும் மதிப்புக் குறையல சார்" என்றார். "ஆனா குட்டிங்களுக்கு மதிப்பே கிடையாது. சும்மா குடுத்தாலும் யோசிப்பாங்க."

"அப்போ ஆதாயமும் இல்ல, நட்டமும் இல்ல." துணை இயக்குநரின் முகம் தெளிந்தது. "ஒண்ணுமே நடக்கல. எதுவும் பொறக்கல. நீ உன் வேலையைப் பாருய்யா."

"வேலை இருக்கா சார்?"

"இருக்குய்யா."

"அப்போ இந்தக் குட்டிங்க முடக்கத்துல வராதா?"

"இல்லாததை எப்படிய்யா முடக்கறது?" என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

கார் தெருவைத் தாண்டும்வரை அண்ணன் நின்றார். பிறகு படியில் உட்கார்ந்து மூன்று குட்டிகளையும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். "டேய் திருட்டுப் பசங்களா! ஓட்டை வழியா வந்தவன் பெத்த புள்ளைங்களா!" மூக்கோடு மூக்கு உரசினார். காதைக் கடிப்பதுபோல் பாசாங்கு செய்தார். தொப்பையில் ஊதினார். ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கொஞ்சினார்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம், குடுமியை ஆட்டிக்கொண்டு வந்து அவர் முழங்கைக்கு அடியில் தலையை நுழைத்தது. அண்ணன் கையை வெடுக்கென்று மேலே தூக்கிக்கொண்டார். அது இன்னும் முட்டியது. அவர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த குட்டி ஒன்றின் முன்னங்காலை இரண்டு விரலால் பிடித்து, அதைக்கொண்டு தாயின் தலையை நெற்றியிலிருந்து பிடரிவரை மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.