ஒரு பன்னா குறைகிறது

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். போனவள் திரும்பி வரவே இல்லை என்பார் அப்பா. அணு உலைக்குள் எரிபொருளைச் சுமந்து கிடக்கும் குழாய்கள் எப்படி உருமாறுகின்றன என்பது என் ஆராய்ச்சி. எங்கள் ஊர் சோமனூரில் அதை "பொண்ணு பைப்பு படிக்குது" என்று சுருக்கிவிட்டார்கள். போர்வெல் மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்று கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒன்றைச் சரிசெய்தும் கொடுத்தேன்.

முனைவர் பட்டத்துக்குக் கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். இதில் முதல் பாதியை மட்டும்தான் வீட்டில் சொன்னேன். அப்பா வேன் பேசிவிட்டார்.

முந்தின வாரம் முழுக்க, ஓடும் விசைத்தறிகளுக்கு நடுவே நின்று அம்மாவிடம் ஒத்திகை பார்த்தேன். குழாய் சிர்கோனியக் கலவையால் ஆனது. உலையில் நியூட்ரான்கள் வந்து மோதி அதன் அணுக்களை இடம் பெயர்க்கின்றன. பெயர்ந்தவை வேறு இடத்தில் போய் அடுக்கிக்கொள்ள, யாரும் இழுக்காமலே குழாய் வருடக்கணக்கில் நீள்கிறது. உள்ளே ஓடும் நீரின் அழுத்தத்தால் மெல்லப் பருக்கவும் செய்கிறது.

"பருக்கறதுன்னா?" என்றாள் அம்மா, அறுந்த இழையை முடிந்துகொண்டே.

"பன்னா கூடுதும்மா."

துணியின் அகலத்துக்கு எங்கள் தொழிலில் பன்னா என்று பெயர். குழாயை நீளவாக்கில் வெட்டி விரித்தால் அதுவும் ஒரு துணிதானே.

நான் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. நீளமும் பருமனும் கூடினால் குழாயின் சுவர் மெலிந்தாக வேண்டும். எவ்வளவு மெலிகிறது என்ற கணக்கு எனக்கு மூன்று மாதம் படியவே இல்லை. ஆய்வேட்டில் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டேன். யாராவது கேட்டால் பட்டம் தள்ளிப்போகும். இதுவரை யாரும் கேட்கவில்லை.

தேர்வன்று கோயம்புத்தூர்க் கல்லூரி அரங்கின் பின்வரிசை முழுக்க எங்கள் சனம். மாமா மடியில் பொன்னாடை. "நாங்க வாயே தொறக்க மாட்டோம் அம்மணி," என்றிருந்தார் அப்பா. வடக்கிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று அவர் சம்பிரதாயத்துக்குக் கேட்டதை என் வழிகாட்டி தமிழிலும் சொன்னார். தேர்வாளர் கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

அம்மா. தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், மாடிக்கும் கேட்டிருக்கும்.

"துணிய இழுத்து நீளங் காட்டுனா பன்னா கொறைஞ்சுபோயிருமுங்க. இவ நீளமும் கூடுதுங்கறா, பன்னாவும் கூடுதுங்கறா. அப்ப, கூடுன சரக்கு எங்கிருந்துங்க வந்துச்சு?"

தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒரு சொல் பிடிபட்டுவிட்டது. இந்தியில் பன்னா என்றால் பக்கம். ஆய்வேட்டை ஆவலாகப் பிரித்து, "எந்தப் பன்னா?" என்று என்னைக் கேட்டார்.

வழிகாட்டிக்கு அம்மா கேட்டது புரிந்தது. அவர் மின்விசிறியைப் பார்த்தார். நாற்பத்திரண்டாம் பக்கம் என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். நான் வரைந்ததிலேயே அழகான படம் அங்கேதான் இருந்தது. அம்மா உட்காராமல் நின்றாள்.

"எடுத்துச் சொல்லு கண்ணு. அவருக்கு வெளங்கல போல."

மூன்று வருடமாகப் படித்தவர்கள் யாரும் பார்க்காத ஓட்டையை, கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா ஒரே வாரத்தில் பார்த்துவிட்டாள். அதை மறைக்க என் கர்வம் இடம் தரவில்லை. அம்மா கேட்டதைச் சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். சுவர்தான் மெலிகிறது என்று பதிலையும் சொன்னேன்.

"எவ்வளவு?" என்றார் அவர்.

"கணக்கு முடியவில்லை."

அவர் பேனாவை மூடினார். அம்மாவைப் பார்த்துவிட்டு, எந்தத் துறைப் பேராசிரியர் என்று விசாரித்தார். டெக்ஸ்டைல் என்றேன்.

மற்றதெல்லாம் சரி, அந்தக் கணக்கை மட்டும் சேர்த்துக் கொண்டுவா, பட்டத்துக்கு எழுதுகிறேன் என்றார். ஒற்றை விரலைக் காட்டி, பின்வரிசைக்கும் புரியட்டும் என்று, "ஏக் பன்னா" என்றார்.

மாமா பாதி விரித்த பொன்னாடையோடு நின்றார். "போத்தறதா, மடிக்கறதா?"

"மடிச்சு வைங்க," என்றாள் அம்மா.

வேனில் எல்லோருக்கும் அவளே விளக்கினாள். "பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு பன்னா கொறையுதாமா. நெய்ஞ்சு குடுத்துப்போட்டா பட்டம்."

நான் திருத்தவில்லை.