வில்கமுவ சேற்றுப் பந்தயம்: கைதட்டுவது ஆளுக்கா, மெஷினுக்கா?

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வீட்டிலிருந்தால் அம்மா அலுமாரி துடைக்கச் சொல்வார். நான் வில்கமுவ போனதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம் ரிஸ்வான் நானா. என் வகுப்புத் தோழன் அஸ்லமின் ராத்தா, அதாவது அக்காவின், கணவர். அங்கே நடக்கும் லேண்ட்மாஸ்டர் பந்தயத்தில் அவர் ஓடுவதாக அஸ்லம் ஒரு மாதமாக என் காதை உழுதுகொண்டிருந்தான்.

லேண்ட்மாஸ்டர் தெரியாதவர்களுக்கு: வயல் உழுகிற இரண்டு சக்கரக் கை ட்ரக்டர். பந்தயத்துக்கு ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்டுவார்கள். தண்ணீர் கட்டிய வயலில், கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் ஓட வேண்டும். கடைசியில் இருக்கும் கொடிக்கம்பத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். சோறு விளைகிற இடத்தில் சேறு விளையாட்டு.

மாத்தளையிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நேரடிப் பஸ் அன்று இல்லை. நாலந்தா தாண்டி நாவுலயில் இறங்கி, எலஹெர வழியாக ஹெட்டிப்பொல போகிற பஸ்ஸுக்கு ஒன்றரை மணிநேரம் காத்திருந்தோம். மொத்தம் எண்பது கிலோமீற்றர் அளவில் வரும். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆளுக்கு 310 ரூபாய். யன்னல் பக்கம் அஸ்லம் உட்கார்ந்தான். அவனுக்குப் பஸ்ஸில் தலை சுற்றும். எனக்கு அன்று பிற்பகல்தான் சுற்றியது.

இரண்டாவது பஸ்ஸில் பாதிப்பேர் பந்தயத்துக்குப் போகிறவர்கள். முன் சீற்றில் அச்சாறு வாளியுடன் சோமா அக்கா. குணே என்கிற வில்கமுவ ஓட்டுநரின் பரம ரசிகை. பின் சீற்றில் மஞ்சள் டீசேர்ட் போட்ட ஒரு அண்ணன். எல்கடுவ தோட்டத்தில் லொறி ஓட்டுகிறவர், ரிஸ்வான் நானா கட்சி. நடுவில் நான். சும்மா இருப்பேனா?

முன்னால் போய், "அக்கா, ஓடும்போது ஒரு கையை எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"எடுக்கவே ஏலாது தம்பி. ரெண்டு கையும் கைப்பிடியில இருக்கணும். உங்க ரிஸ்வான் போன வருசம் மூக்கு சொறிஞ்சவரு. நாங்க பெரிய மனசு பண்ணி விட்டோம்."

இதை அப்படியே பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மூக்கா?" என்றார் மஞ்சள் அண்ணன். "குணே திரும்புற எடத்துல மெஷின் மேலயே ஏறி உக்காந்து வந்தாரு. அது என்ன, பஸ்ஸா? போய் கேளு."

போய்க் கேட்டேன். எலஹெர வரும்போது எனக்கு ஏழு விதிகள் தெரிந்திருந்தன. அதில் நான்கு, மற்ற மூன்றுக்கு நேர் எதிர். விதியை மதியால் வெல்லலாம் என்பார்கள். இந்த விதிகளை மதித்தால் மதியே மிஞ்சாது போலிருந்தது.

ஹெட்டிப்பொலயிலிருந்து வயலுக்கு நான்கு கிலோமீற்றர். த்ரீவீலுக்கு 500 ரூபாய். மஞ்சள் அண்ணனும் ஏறிக்கொண்டதால் மூன்றாகப் பிரித்தோம்.

ரிஸ்வான் நானா வயல் வரம்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போகத்துக்கும் மெஷினை லொறியில் ஏற்றிவந்து, இரண்டு மாதம் தங்கி, இந்தப் பக்கத்து வயல்களைக் கூலிக்கு உழுகிறவர். பந்தயம் பார்க்க வந்திருப்பவர்களில் பாதிப்பேரின் வயலை அவர்தான் உழுகிறார். குணேயும் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் இறுதி ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் குணேதான் முதல்.

இந்த முறை அப்படியில்லை. கொடிக்கம்பத்தைச் சுற்றும்போதே ரிஸ்வான் நானா இரண்டு மெஷின் நீளம் முன்னால் இருந்தார். அப்படியே வந்து கோட்டைத் தாண்டினார். அஸ்லம் என் தோளில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. மஞ்சள் அண்ணன் சேற்றில் குப்புற விழுந்து எழுந்து பழுப்பு அண்ணன் ஆனார்.

அப்போதுதான் குணேயின் ஆட்கள் அவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். அங்கே தோற்ற ஓட்டுநர் மட்டும்தான் முறைப்பாடு சொல்லலாம், ரசிகர்கள் சொல்லக் கூடாது. குணே தலையைச் சொறிந்துகொண்டு, பந்தயத்தை நடத்துகிற விவசாயச் சங்கச் செயலாளரிடம் சிங்களத்தில் சொன்னார்: "புல்லியைப் பாருங்க."

புல்லி என்பது எஞ்சினிலிருந்து பெல்ட் ஓடுகிற சிறு சக்கரம். அதைப் பெரிதாக்கினால் வேகம் கூடும். அதனால் கம்பனி அளவில்தான் இருக்க வேண்டும். மூடியைக் கழற்றினார்கள். ரிஸ்வான் நானாவின் புல்லி, பழையது உடைந்ததால் மாத்தளையில் லேத் பட்டறையொன்றில் கடைந்தது. பெரியதா? ஒருவர் நூல் வைத்து அளந்து பெரியது என்றார். இன்னொருவர் சேற்றைத் துடைத்துவிட்டு அளந்து சரி என்றார். ஒப்பிட்டுப் பார்க்கக் குணேயின் மூடியைக் கழற்றினால் அவருடையதும் லேத்தில் கடைந்தது. சோமா அக்கா அளக்க வரும்போது கையில் அச்சாறுக் கரண்டி இருந்தது.

நான் சிரித்தேன். அஸ்லம் சிரிக்கவில்லை.

"டேய், விளையாட்டில்ல. கள்ள மெஷின்னு பேர் வந்தா மூணு வருசம் பந்தயத்துல சேத்துக்க மாட்டாங்க. அது போனாப் போகுது. உழ யாரு கூப்பிடுவா? ராத்தா வீட்டு அடுப்பே இந்த மெஷின்ல தான் எரியுது."

ரிஸ்வான் நானா பிளேன்டீ கோப்பையைச் சேற்றுத் தண்ணீரில் கழுவினார், பிறகு மறுபடியும் கழுவினார்.

செயலாளர் விசில் ஊதினார். அளந்து தீராத சண்டைக்கு அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது: மெஷினை மாற்றி ஓடுவது. ரிஸ்வான் நானாவின் மெஷினைக் குணே ஓட்ட வேண்டும், குணேயின் மெஷினை ரிஸ்வான் நானா. ரிஸ்வான் நானாவின் மெஷின் திரும்பவும் முதலில் வந்தால் மெஷின் கள்ளம், பரிசுக் கோப்பை குணேக்கு. பிந்தினால் ரிஸ்வான் நானா வென்றது வென்றதுதான்.

கேட்க நேர்மையாக இருக்கிறது அல்லவா? இனி எப்படிக் கைதட்டுவது என்று சொல்லுங்கள். மஞ்சள் அண்ணன் இவ்வளவு நேரமும் உயிரை விட்டுக் கத்திய, ரிஸ்வான் நானாவின் சிவப்பு மெஷின் இப்போது தோற்க வேண்டும். சோமா அக்கா காலையிலிருந்து சாபம் போட்ட அதே சிவப்பு மெஷின் இப்போது ஜெயிக்க வேண்டும். விசில் ஊதியதும் இரண்டு பக்கமும் பழக்கதோஷத்தில் ஒருமுறை மெஷினுக்கும் ஒருமுறை ஆளுக்குமாக மாற்றி மாற்றிக் கத்தினார்கள்.

"அக்கா, நீங்க எங்க மெஷினுக்குக் கத்துறீங்க," என்றேன்.

"மெஷினுக்கில்ல, மெஷின் பின்னால ஓடுறவருக்கு. நீ பேசாம இரு, எனக்கே கொழம்புது."

ரிஸ்வான் நானா மெல்ல முந்தினார். முதல் ஓட்டத்தில் விழுந்த தடத்திலேயே குணேயின் நீல மெஷினை விட்டு, அலட்டாமல் வந்தார். பின்னால் குணே தடுமாறினார். சிவப்பு மெஷினின் கிளட்ச் லேசில் விழாது, கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். அது ரிஸ்வான் நானாவுக்கு மட்டுமே தெரியும். திரும்பி வரும்போது குணேயின் கால் வழுக்கியது. அவர் கைப்பிடியை விடவில்லை. மெஷின் அவரைச் சேற்றோடு இழுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனது.

ரிஸ்வான் நானா திரும்பிப் பார்த்தார். கோட்டுக்கு இன்னும் இருபது அடிதான் இருந்தது. நீல மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் குறுக்கே ஓடினார். ஒரு கை இல்லை, இரண்டு கையும் விட்டாயிற்று. முழங்கால் சேற்றில் விழுந்து எழுந்து போய், சிவப்பு மெஷினின் கிளட்ச்சைத் தூக்கி இழுத்தார். வாய்க்கால் விளிம்பில் அது நின்றது. குணே நிமிர்ந்து சேற்றைத் துப்பினார்.

இதற்கிடையில் நீல மெஷின், ஆளே இல்லாமல், தடத்தைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் பாய்ந்து நிறுத்தினார்கள். ஒருவருமே கைதட்டவில்லை. யாருக்குத் தட்டுவது?

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கை விட்டது குற்றம் என்றார்கள் குணே ஆட்கள். கை கொடுத்தது குற்றமா என்றார்கள் மற்றவர்கள். முறைப்பாடு சொல்லும்படி குணேயைத் திரும்பவும் தள்ளினார்கள். இந்த முறை அவர் நகரவில்லை. "ஆளே இல்லாம ஓடின என் மெஷின்கிட்டத் தோத்த மெஷின்," என்றார் சிங்களத்தில், "அது எப்படிக் கள்ள மெஷின் ஆகும்?"

செயலாளர் வெகுநேரம் யோசித்தார். அதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அவர் முகம் சொன்னது. எனக்கும் இருப்பதாகத்தான் தெரிகிறது, இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் கோப்பையை ரிஸ்வான் நானாவிடம் கொடுத்துவிட்டுச் சோறு சாப்பிடப் போய்விட்டார்.

"மச்சான், நீங்க ஓடினது குணே ஐயாவுக்காகவா, மெஷினுக்காகவா?" என்று அஸ்லம் கேட்டான்.

"ரெண்டும் ஒரே எடத்துல தானே இருந்த," என்றார் ரிஸ்வான் நானா.

மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தபோது குணே வந்தார். அடுத்த வாரம் தன் அண்ணனின் இரண்டு ஏக்கரை உழ வர முடியுமா என்று கேட்டார். நானா சரி என்றார். குணே போகத் திரும்பினார், பிறகு எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மாத்தளை லேத் பட்டறை எந்தப் பக்கம்?"

நானா வழி சொன்னார். அவர் போனதும், "உண்மையாவே புல்லி பெரிசா?" என்று நான் கேட்டேன். "நான் அளந்து பாக்கல்ல," என்று மூடியை இறுக்கப் பூட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: நாவுலயில் ஏழு மணிக்கு முன் இருந்தால் நல்லது, பிந்தினால் அடுத்த பஸ் எப்போது என்று பஸ்ஸுக்கே தெரியாது. திரும்பும் கடைசிப் பஸ் பின்னேரம் நான்கு மணிக்கு. நாங்கள் அதைத் தவறவிட்டு நானாவின் லொறியில் வந்தோம். மாற்றுச் செருப்பு கொண்டுபோங்கள். வயலில் நிழல் கிடையாது, தொப்பி அவசியம். சோமா அக்காவின் அச்சாறு ஒரு பை 100 ரூபாய், தைரியமாக வாங்கலாம். விதி என்ன என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒருவரிடம் மட்டும் கேளுங்கள். இரண்டாவது ஆளிடம் கேட்டால் என்னைப்போல வீடு வந்து சேர்ந்த பிறகும் யார் ஜெயித்தார் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.