சைக்காலஜி பரீட்சைக்கு நான் சப்ஜெக்ட்

போன மாதம் ஒரு காலேஜ் லேபரட்டரியில் உட்கார்ந்து நட்சத்திரம் வரைந்துவிட்டு வந்தேன்.

இந்த வயதில் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

விஷயம் இதுதான். இரும்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தேவசகாயம். பட்டணத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்வருகிறவர். அவருடைய ஒரே பெண் எஸ்தர், இந்தப் பக்கத்தில் ஒரு பெண்கள் காலேஜில் பி.ஏ. முதல் வருஷம். பாடம், மனோதத்துவம். எந்தக் காலேஜ் என்று கேட்டுக் கார்டு போடாதீர்கள்... சொல்லமாட்டேன்.

அந்தப் பாடத்தின் பிராக்டிகல் பரீட்சைக்கு ஒவ்வொரு மாணவியும் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். பாட்டனிக்கு இலை, ஜுவாலஜிக்குத் தவளை, மனோதத்துவத்துக்கு மனிதன். அவனுக்கு 'சப்ஜெக்ட்' என்று பெயர்.

எஸ்தர் என்னைத் தேர்ந்தெடுத்தாள். என் மனம் ஆராயத் தகுந்தது என்பதால் அல்ல. வார நாளில் பகல் வேளையில் சும்மா இருக்கும் ஆண்பிள்ளை எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். எழுதுகிறவனுக்கு வேலை கிடையாது என்பது தெருவின் ஏகோபித்த முடிவு.

இந்தப் பரீட்சை அவளுக்குச் சாதாரணப் பரீட்சை அல்ல. பெண்ணை டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படிக்க வைத்து ஆபீஸ் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது தேவசகாயத்தின் திட்டம். "பைத்தியக்காரங்களைப் பத்தின படிப்பு நமக்கு எதுக்கு?" என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். எஸ்தர் சாப்பிடாமல் கிடந்து, அவள் அம்மா நடுவில் புகுந்து பேசி, கடைசியில் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரு வருஷம் படிக்கலாம். பாஸானால் மேலே. தவறினால் மறுபேச்சு இல்லாமல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.

இந்த நிலையில்தான் அந்த வகுப்புக்குப் புதிதாக ஒரு லெக்சரர் அம்மாள் வந்து சேர்ந்தார். இளவயசு. முதல் நாளே பாடம் எடுக்காமல், வகுப்பின் சட்டதிட்டங்களை சைக்ளோஸ்டைல் செய்து ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டாராம். எஸ்தர் எனக்கும் காட்டினாள்.

மணி அடித்த பிறகு வகுப்புக்குள் வரக் கூடாது. ட்ரெயின் லேட் என்பது காரணம் ஆகாது. தோழிக்காக 'பிரசன்ட்' சொன்னால் இருவருக்கும் ஆப்சென்ட். புத்தகத்தில் படித்த வியாதியெல்லாம் அத்தைக்கும் மாமாவுக்கும் இருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது. (இது நல்ல சட்டம். எஸ்தர் அதற்குள் தன் அத்தைக்கு மூன்று வியாதி கண்டுபிடித்திருந்தாள்.)

பிராக்டிகலுக்குத் தனிச் சட்டங்கள். சப்ஜெக்டாக வருகிறவர் தன் இஷ்டத்தின் பேரில் வர வேண்டும். இஷ்டம் இல்லாவிட்டால் பாதியில் எழுந்து போகலாம். பரிசோதனை எதற்காக என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லக் கூடாது. முடிவு புத்தகத்தில் இருப்பதற்கு நேர்மாறாக வந்தாலும் மார்க் குறையாது. திருத்தி எழுதினால் மார்க்கே கிடையாது.

தேவசகாயம் அந்தத் தாளை ஆபீஸ் ஃபைல் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார். ஒட்டியதோடு சரி.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், ட்ரெயினை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். காப்பி சாப்பிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாளைக்கு உங்களைக் கண்ணாடியில பார்த்து நட்சத்திரம் வரையச் சொல்லுவாங்க, சார். புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். முதல் தடவை நிறையத் தப்பு பண்ணுங்க. அடுத்தடுத்த தடவை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்குங்க. அவ்வளவுதான்."

"முன்கூட்டியே சொல்லக் கூடாதுன்னு அந்தத் தாளில் போட்டிருக்கே?"

"அது பேப்பருக்கு, சார். எங்க ஆபீஸ்லகூட சத்தம் போடாதேன்னு போர்டு மாட்டியிருக்கு. யார் பார்க்கிறா? புஸ்தகத்துல இருக்கிற மாதிரி வந்தா பாஸு, வரலைன்னா ஃபெயிலு. நான் பார்க்காத ரூலா?"

அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. சர்வீஸ் முழுக்க ரூல்களோடு வாழ்ந்தவர். எந்த ரூலுக்கு எந்தப் பக்கம் வாசல் என்று தெரிந்தவர். டைப்ரைட்டிங் திட்டத்தை அவர் கைவிடவில்லை. ஆனாலும் பெண் தோற்றுப் போய் வருவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அப்பாக்கள் அப்படித்தான்.

நான் அவர் சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் லேபரட்டரி. வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவியும், அவள் கூட்டி வந்த ஒரு மனிதரும். ரயில்வே யூனிஃபாரத்தில் ஒரு சித்தப்பா. தூக்கம் கலையாத ஒரு அண்ணன். எனக்கு அடுத்த மேஜையில், வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் கோவளத்து அம்மாள். மேஜைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தவர்கள் இருவர் — நம் லெக்சரர் அம்மாள், வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர். எக்ஸாமினர் முகத்தில் சிரிப்பு என்பது சிலபஸில் இல்லை.

என் எதிரே ஒரு நிலைக்கண்ணாடி. என் கையை நான் நேராகப் பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு தட்டி. காகிதத்தில் அச்சடித்த நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து, பென்சிலைக் கோட்டின் மேலேயே நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கோட்டை விட்டு விலகினால் தப்பு. இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செய்யச் செய்யப் பழகும், தப்பு குறையும் என்கிறது புத்தகம்.

"இது உங்க திறமைக்கு வைக்கிற பரீட்சை இல்ல, அங்கிள். இஷ்டமில்லேன்னா எப்ப வேணும்னாலும் எழுந்திருக்கலாம்" என்று எஸ்தர் மனப்பாடமாகச் சொன்னாள்.

அடுத்த மேஜையிலும் இதையே சொன்னார்கள். கோவளத்து அம்மாள் கொஞ்ச நேரம் கண்ணாடியோடு மல்லுக்கட்டினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"இன்னாம்மா இது... மேல போனா கீழ போவுது. வாசல்ல கூடை கீது, பூனை வேற சுத்திகினு கீது. எயுந்து போலாம்னு சொன்ன இல்ல? நான் போறேன்."

போயே விட்டார். அந்தப் பெண் கண்ணில் தண்ணீரோடு நின்றாள். லெக்சரர் அம்மாள் வந்து, "போக அவங்களுக்கு உரிமை இருக்கு. இருந்த வரைக்கும் என்ன நடந்ததோ அதை எழுது. மார்க் குறையாது" என்றார். எக்ஸாமினர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்த அம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

எஸ்தர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

என் கதைக்கு வருகிறேன். முதல் தடவை, நடித்துத் தப்புப் பண்ண வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கை சொன்னபடி கேட்டால்தானே! இடது பக்கம் போ என்றால் வலது பக்கம் போயிற்று. ஆனாலும் ஒருவாறு சுற்றி வந்தேன். இரண்டாவது தடவையில்தான் வம்பு வந்தது. 'கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்குங்க...' தேவசகாயத்தின் குரல் காதுக்குள் கேட்டது. குறைக்க வேண்டுமே, இந்தப் பெண்ணின் படிப்பு என் பென்சில் முனையில் இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததும் விரல் வேர்த்தது. பென்சில் ஓடிற்று. முதல் தடவையைவிடத் தப்பு அதிகம். அடுத்த தடவை அதைவிட. எஸ்தரின் கிராஃப் இறங்குவதற்குப் பதிலாகப் பரங்கிமலைப் படி மாதிரி ஏறிக்கொண்டே போனது.

எனக்குப் பயமாக இருந்தது. எழுத்தில் ஆயிரம் பிழை விட்டிருக்கிறேன். அதனால் யாரும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனதில்லை.

பின் மேஜையிலிருந்து ஒரு தோழி ரப்பரை நீட்டினாள். "அழிச்சுக் கோட்டைக் கீழே இறக்கிடுடி. எல்லாரும் அப்படித்தான்." எஸ்தர் அந்த ரப்பரையே பார்த்தாள். வாங்கவில்லை.

கடைசியில் ஒரு சடங்கு உண்டு. செய்யும்போது மனசில் என்ன தோன்றியது என்று சப்ஜெக்டைக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

"என்ன தோணுச்சு, அங்கிள்?"

என்ன சொல்வது? ஒன்றும் தோன்றவில்லை என்றால் பொய். தோன்றியதைச் சொன்னால் சட்டத்தை மீறியது வெளியே வரும், பழி அவள் தலையில் விழும். யோசிக்க நேரமில்லை.

"உங்கப்பா முகம்தான் தோணுச்சும்மா" என்றேன்.

எஸ்தரின் பேனா நின்றது. புத்திசாலிப் பெண். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுந்து நின்று கையைத் தூக்கினாள். லெக்சரரும் எக்ஸாமினரும் வந்தார்கள்.

"மிஸ், என் சப்ஜெக்டுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிஞ்சிருக்கு. எங்க வீட்லேருந்து யாரோ சொல்லியிருக்காங்க. எனக்குத் தெரியாது. தெரியாட்டாலும் ரூலை மீறினதுதான்."

"அப்போ இது செல்லாது" என்றார் எக்ஸாமினர்.

லெக்சரர் அம்மாள் கிராஃபைக் கையில் எடுத்தார். "எதையாவது மாத்தி எழுதினியா?"

"இல்ல, மிஸ்."

"அப்போ உட்கார். இப்ப என்கிட்ட சொன்னதையும் சேர்த்து எழுது. விஷயம் முன்னாலேயே தெரிஞ்ச மனுஷன் ஏன் இப்படித் தடுமாறினார், அதையும் எழுது."

எஸ்தர் உட்கார்ந்து எழுதினாள். என்னைப் பற்றித்தான் என்பதால் எட்டிப் பார்க்க ஆசை. பார்க்கவில்லை. எக்ஸாமினர் பிறகு வந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் ஊரில் ரூல் போடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. போட்ட ரூலைத் தானே நம்புகிறவரும், அதைப் படித்துவிட்டு நம்புகிறவரும் ஒரே அறையில் சந்திப்பதுதான் அபூர்வம். அன்று சந்தித்தார்கள். அதனால் பலன் உண்டா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

வெளியே மரத்தடியில் அரை நாள் லீவ் போட்டுவிட்டு தேவசகாயம் நின்றிருந்தார். "கரெக்டா பண்ணீங்களா, சார்?" என்றார்.

"உங்க பொண்ணு கரெக்டா பண்ணினா" என்றேன். அவர் எனக்குக் கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குச் சுகமாக இல்லை. தாம்பரம் கடைத்தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டும்போது உள்ளே கேட்கிற சத்தமே என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் மட்டும் வழக்கம்போல வாசலில் கோலி விளையாடும் குழந்தைகளை விரட்டிக்கொண்டு சாதாரணமாக இருந்தாள்.

போன வாரம் ரிசல்ட். எஸ்தர் பாஸ். பிராக்டிகலில் நல்ல மார்க்காம்.

தேவசகாயம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்தார். பின்னால் எஸ்தர். "எல்லாம் உங்களாலதான், சார். நான் சொன்னேன் பாருங்க, புஸ்தகத்துல இருக்கிற மாதிரி வந்தா பாஸுன்னு! அடுத்த வருஷமும் நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்சம் பார்த்துக்கிட்டா போதும். படிக்கட்டும் சார், மேலே படிக்கட்டும். இந்தப் படிப்பு ஒண்ணும் கஷ்டமா தெரியல."

நான் வாயைத் திறந்தேன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எஸ்தர், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வீட்டு விஷயத்தை லேபரட்டரியில் போட்டு உடைத்தாள் என்று தெரிந்தால் டைப்ரைட்டிங் பேச்சு மறுபடியும் கிளம்பும். நான் வாயில் ஜாங்கிரியைப் போட்டுக்கொண்டேன்.

அவள் பாஸானது உண்மையைச் சொன்னதால். மேலே படிக்கப்போவது, அது அவள் அப்பாவுக்குத் தெரியாததால்.