தேவராஜ் அண்ணன் செய்துகொடுத்த பதினோரு பேனாக்கள்

மேனாம்பேடு தேவராஜ் அண்ணன் நேற்று இறந்துவிட்டார். கையாலேயே பேனா செய்துகொண்டிருந்த தேவராஜ். இப்போதுதான் மாலை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆர்.ஐ.பி. என்று மூன்றெழுத்து போட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது...

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை, பேனா பைத்தியம் மட்டும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேனாம்பேடு போவேன். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், அதில் ஒரு சின்ன லேத். பேனா செய்கிற செல்லுலாய்டு ராடைக் கடையும்போது, அதில் கலந்திருக்கும் கற்பூரத்தின் வாசனை வரும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா, இந்த மனுஷன் நாள் முழுக்க பூஜை செய்கிறார் என்று நினைத்தாராம்!

நிப் மாட்டியதும் பேனாவைக் கொடுத்துவிட மாட்டார். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, நிப்பை மையில் தொட்டு எழுதச் சொல்வார். நம் கை எப்படிச் சாய்கிறது, எங்கே அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து நிப்பைக் கல்லில் தேய்ப்பார்.

"சார், நீ 'ழ' போடசொல்ல கைய முறுக்குற. அதுக்குன்னு தனியா தேய்க்கணும், இரு."

ஒரு நிப்புக்கே அரை நாள் போய்விடும். கிளம்பும்போது தவறாமல் ஒன்று சொல்வார். "எழுதிகினே இரு சார். பூட்டி வெக்காத. இதுக்குக் காத்து படணும்."

தலையை ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து பூட்டி வைப்பேன்.

இப்படிப் பதினோரு பேனா. பச்சையில் கறுப்புக் கோடு போட்டது, தேன் நிறம், ஆமை ஓட்டு நிறம்... ஒன்றில்கூட மை ஊற்றியதில்லை. கறை படிந்துவிடுமே, கீறல் விழுந்துவிடுமே என்ற பயம். எழுதுவதற்கு ஆபீஸில் கொடுத்த பால்பாயிண்ட் பேனா.

போதாததற்கு ஸ்டோர்ஸ்காரன் புத்தி. ஃபேக்டரியில் ஸ்பேர் பார்ட்ஸை எப்படிக் கட்டுவோமோ அப்படியே கட்டினேன். ஒவ்வொன்றையும் மெழுகுத் தாளில் சுற்றி, பாலிதீனில் போட்டு, மூடியில் ரப்பர் வைத்த இரும்புப் பெட்டியில் அடைத்தேன். "என்னைக்கூட இவ்ளோ பத்திரமா பாத்துக்கிட்டதில்ல" என்பாள் மனைவி.

"எழுதுறியா சார்?" போகும்போதெல்லாம் அண்ணன் கேட்பார்.

"தினமும் மாத்தி மாத்தி எழுதறேன்ணே. வழுக்கிக்கிட்டுப் போகுது!"

கூசாமல் சொல்வேன். அவர் முகம் அப்படி மலரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது பெட்டியைத் திறந்தேன். மூக்கைத் துளைக்கிற நெடி. எல்லாப் பேனாவும் விரிசல் விட்டு, பிசுபிசுத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், கல்கண்டு மாதிரி உதிர்ந்தது. நிப்பெல்லாம் துரு.

எனக்கு வந்த கோபமெல்லாம் அவர் மேல்தான். அப்படியே ஒரு பையில் கொட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பெட்டில அடச்சி வெச்சியா சார்?"

அப்போது 'ஆமாம்' என்றிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் தினமும் எழுதுகிறேன் என்று அத்தனை வருடம் சொன்ன வாய்...

"இல்லண்ணே. மேஜை மேலயே தான் இருந்துது. டெய்லி எழுதிட்டிருந்தேன்."

மைக்கறையே இல்லையே என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார்.

"அப்போ சரக்குதான் கெட்டது" என்றார். "நான் ஏமாந்துட்டேன் சார்."

இரண்டு வாரம் கழித்துப் போனேன். ஷெட் பூட்டியிருந்தது. பின்பக்கம் தரையில் பெரிய கரித்திட்டு. அவர் மனைவிதான் சொன்னார்கள். "வெச்சிகினு இருந்த ராடு அத்தினியும் கொளுத்திட்டாரு சார். கெட்ட சரக்குல இன்னொருத்தருக்குப் பேனா போட்டுத் தரமாட்டாராம்."

வருஷக்கணக்கில் காயவைத்து, பதம் பார்த்து வைத்திருந்த ராடுகள். அதற்குப் பிறகு அவர் பேனாவே செய்யவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு லேத் வேலைக்குப் போய்விட்டார்.

உண்மை எனக்குத் தெரிய இன்னும் சில வருடம் ஆனது. எங்கள் ஃபேக்டரி லேபில் இருந்த நண்பர்தான் சொன்னார். செல்லுலாய்டைக் காற்றில்லாமல் அடைத்தால், அதிலிருந்து வரும் ஆவியே அதைத் தின்றுவிடுமாம். அன்று ராத்திரியே, நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றே தள்ளிப் போட்டேன்.

அப்புறம் ஒருநாள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் அவரே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்... உன் பேனா அத்தினியும் பாழாப்பூட்சே. எனுக்கு இன்னும் மனசு ஆறல. மன்னிச்சிக்க சார்."

எல்லாம் தெரிந்தவன் நான். "விடுங்கண்ணே, பரவாயில்ல" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி! பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இன்று காலை துக்க வீட்டில் அவருடைய மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அங்கிருந்தவர்களிடம் சொன்னாள்: "இவருதான் ஆவடி சாரு. பதினோரு பேனா பாழாயும் அப்பாவ ஒரு வார்த்த சொல்லல. அப்பா சாவுற வரிக்கும் இவரப் பத்திதான் பேசிகினு இருந்துச்சு."

யாரோ எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.

அண்ணே... உங்கள் சரக்கு கெடவில்லை. நான் ஒருநாளும் எழுதவில்லை.

போய் வாருங்கள்.