உசனார் ஊதாத கோல்

ஓட்டமாவடி உசனாருக்குப் பிழைப்பு சைக்கிள் திருத்தும் கடை. ஆனால் கல்குடா வரைக்கும் அவரை அறிய வைத்தது அவருடைய விசில்தான். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடையில் தேநீர் குடிக்கவே யோசித்த காலம் அது. அப்போதும் கால்பந்தாட்டம் என்றால் இரண்டு பக்கத்துக் கழகங்களும், அண்ணன் முறை வைத்து, உசனார் காக்கா ஊதினால் சரி என்றன. மனிதருக்கு வேறு சொத்து சுகம் கிடையாது. அந்த ஒரு பேர்தான்.

தொண்ணூற்றாறில் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடிக்கும் தமிழ் ஊரான கல்குடாவுக்கும் இறுதியாட்டம். கோல் கம்பத்தில் கட்டியிருந்தது பழைய மீன்வலை. கடலுக்குப் போக இராணுவத் தடை என்பதால் வலைக்குப் பஞ்சமில்லை. கிழிசலைப் பொத்தத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டமாவடி ஒரு கோல் முன்னால் நின்றது. கடைசி நிமிடத்தில் கல்குடாக்காரன் ஒருவன் அடித்த பந்து வலைக்குப் பின்னால் கிடந்தது. வெளியே போன பந்து என்று உசனார் ஊதிவிட்டார்.

கலியாண வீடியோ எடுக்கும் முனாப் அன்று மைதானத்தையும் எடுத்திருந்தான். மூன்றாம் நாள் தன் கடையில் உசனாருக்குப் போட்டுக் காட்டினான். பந்து கம்பங்களுக்கு நடுவே புகுந்து வலையின் கிழிசலால் வெளியே வந்தது.

"திருப்பிப் போடு மனே," என்றார் உசனார்.

நான்காம் தரம் அவர் பந்தைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்தார். ரோட்டில் ஆமி ட்ரக் ஒன்று வந்து நின்றிருக்கிறது. கோல் காப்பவன் முதல் சனம் வரை எல்லார் தலையும் அந்தப் பக்கம். உசனாரின் தலையும்தான். காணாததைக் கண்டதுபோல ஊதியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஒத்தருக்கும் காட்ட வாணாம் காக்கா. நம்மட ஆக்கள் வெண்டுட்டாங்கதானே," என்றான் முனாப்.

உசனார் கசெட்டை வாங்கிக்கொண்டு கல்குடாவுக்குச் சைக்கிளை மிதித்தார். சோதனைச் சாவடியில் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். பந்தாட்டம் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

கல்குடா அணித் தலைவன் இராசதுரை வீட்டில்தான் இருந்தான்.

"தம்பி, அது கோல்தான். நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிண்டுட்டன். வேணுமெண்டு ஊதல்ல. எல்லாம் இதில கிடக்கு."

"நானும் ட்ரக்கத்தான் பாத்தன் காக்கா. எங்கட ஆக்கள்தான், காக்கா தன்ட ஆக்களுக்கு ஊதிட்டார் எண்டு சொல்லுறாங்க. இனி உங்கள ஊதப் போட வேணாமெண்டு கடிதமும் குடுத்திட்டாங்க."

"அவங்களுக்கு இதப் போட்டுக் காட்டு. இல்லாட்டி எங்கட பக்கம் கூட்டிக்கிட்டு வா."

"அங்கால வர ஆருக்கும் துணிவில்ல." இராசதுரை கசெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இஞ்ச கரண்ட் இல்லாமப் போய் ஆறு வருசம் காக்கா. வந்தாக் கட்டாயம் போட்டுக் காட்டுறன்."

"சரி தம்பி," என்றார் உசனார். எப்போது வரும் என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை.