ஐம்பதுகளைத் தாண்டாத ஞாயிறுகள்

லேப்டாப் சூடேறும் பிளாஸ்டிக் வாடை. ஃபேன் காற்று. ஒரே பாயில் மூன்று பேர்.

அடுகோடியில் நாங்கள் தங்கியிருந்த வாடகை அறையின் ஞாயிறு மதியங்கள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நான், முரளி, ஸ்டான்லி. பட்டியல் போட்டது ஸ்டான்லி. ஆங்கிலத்தில் வந்த ஆகச்சிறந்த படங்கள், மௌனப் படம் தொடங்கி இன்றுவரை, வருட வரிசையில். விதியும் அவனுடையதே... மூவரும் கடைசிவரை பார்த்தால்தான் அடுத்த படம்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை.

"ஸ்டேஜ் தாண்டக்கூடாது மச்சி. தாண்டினா பீஸ் ரிஜெக்ட்."

முரளி ஷிஃப்ட் முடித்து வருபவன். இருபதாவது நிமிடத்தில் குறட்டை. அடுத்த ஞாயிறு அதே படம், மறுபடி முதலிலிருந்து. ஒரு துப்பறியும் படத்தின் தொடக்கத்தை மட்டும் ஐந்து முறை பார்த்திருக்கிறேன்.

"இவனுங்க தொப்பியக் கழட்டவே மாட்டானுங்களா?" என்பான் முரளி, கண்ணை மூடியபடி.

"நீ மொதல்ல கண்ணத் தொறடா."

எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். எழுபதுகளில் வந்தது. கல்லூரியில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன், பார்த்ததில்லை. முடிந்ததும் இவர்கள் இருவரும் என்ன சொல்வார்கள் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

"இது ஒண்ண மட்டும் முன்னாடி பாத்துடலாம்டா."

"வரும் மச்சி, வரும். ஏன் பறக்கற?"

வரவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் நின்றோம். ஸ்டான்லிக்குக் கனடா விசா கிடைத்தது. முரளி கல்யாணமாகி ஓசூருக்குப் போனான்.

நான் அந்தப் படத்தைத் தொடவில்லை. விதி இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு. எத்தனை வருடம்!

போன வாரம் வீடியோ காலில் கேட்டேன். "அறுபதுகள விட்டுடலாம். மூணு பேரும் ஒரே நேரத்துல அதப் போடலாமா?"

ஸ்டான்லி சிரித்தான். "அதுவா? இங்க வர்றப்பவே பிளைட்ல பாத்துட்டேனே."

"வரிசை?"

"போரடிச்சுது மச்சி."

முரளி குறுக்கே வந்தான். "நானும் பாத்துட்டேன்டா. பத்து நிமிஷத்துல கதை சொல்ற வீடியோ. முடிவு சொல்லட்டா?"

அழைப்பைத் துண்டித்தேன்.

இப்போது எல்லாக் காலத்துப் படங்களும் கைக்குள். பெரிய டிவி. எந்த வரிசையில் பார்த்தாலும் கேட்க ஆளில்லை.

நேற்று மதியம் அதைப் போட்டேன். நல்ல படம்தான். கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், என்னடா சொல்றீங்க என்று பக்கத்தில் திரும்பினேன்.

சோபாவில் மடிக்காத துணி.